பூங்காவைப் பூட்டினார்கள், கேசட் வந்தது



தீப்பற்றி எரிவதுபோன்ற எழுத்தில் ‘த்ராஷர்’ என்று அச்சிட்ட பனியனை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போட்டிருப்பார்கள். அது ஏதோ துணிக் கம்பெனி என்றுதான் பலரும் நினைக்கிறோம். என் பேரனைக் கேட்டேன். “சும்மா ஸ்டைல் தாத்தா” என்றான். வரலாறு நடத்தியவன் சும்மா விடுவேனா? தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

1970களில் யூரித்தேன் சக்கரம் வந்தபிறகு அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு விளையாட்டு வேகமாகப் பரவியது. அதற்கென்றே கான்கிரீட் பூங்காக்கள் கட்டினார்கள். பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் வழக்கு வரும் என்ற பயம் உரிமையாளர்களுக்கு இருந்தது. காப்பீட்டுச் செலவும் கட்டுப்படியாகவில்லை. அந்தப் பத்தாண்டு முடியும்போது பல பூங்காக்களை மூடிவிட்டார்கள், சிலவற்றை இடித்தே விட்டார்கள்.

பிள்ளைகள் விளையாட்டை விடவில்லை. தண்ணீர் வற்றிய நீச்சல் குளம், தெரு ஓரம், வீட்டுக் கொல்லையில் பலகை அடித்த சரிவு என்று இடம் மாறினார்கள். ஊர்ப் பெரியவர்கள் கண்ணுக்கு அவர்கள் உருப்படாத பையன்கள்.

அதே காலத்தில், பெரிய இசைக் கம்பெனிகள் கண்டுகொள்ளாத இன்னொரு கூட்டமும் இருந்தது. ‘பங்க்’ இசைக் குழுக்கள்! ஓரிரு நிமிடப் பாட்டு, அதிவேகம், அடங்காத கோபம். பல ஊர்களில் பலகை ஓட்டியவர்களும் கிட்டார் பிடித்தவர்களும் ஒரே பையன்கள்தான்.

ஃபாஸ்டோ விட்டெலோ, எரிக் ஸ்வென்சன் என்ற இருவர் சான் பிரான்சிஸ்கோவில் ‘இண்டிபெண்டன்ட்’ என்ற பெயரில் ஸ்கேட்போர்டின் அச்சுப் பாகங்களைத் தயாரித்து வந்தார்கள். விளையாட்டே செத்துப்போனால் அச்சு யாருக்கு விற்பது? 1981 ஜனவரியில் ‘த்ராஷர்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1983இல் அந்தப் பத்திரிகை ‘ஸ்கேட் ராக்’ என்ற பாடல் தொகுப்பைக் கேசட்டாக வெளியிட்டது. பீனிக்ஸ் நகரத்து ஜே.எஃப்.ஏ., டெக்சாஸின் பிக் பாய்ஸ், கலிபோர்னியாவின் தி ஃபேக்ஷன் போன்ற குழுக்கள் அதில் பாடின. ஃபேக்ஷனில் வாசித்த ஸ்டீவ் கபாயெரோ, அன்றைய முன்னணி ஸ்கேட்போர்டு வீரர்களில் ஒருவர்.

ஏன் கேசட்? பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செலவு குறைவு, தபாலில் அனுப்பலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றில் பதிந்து நண்பனுக்கும் கொடுக்கலாம். தன்னைப் போன்றவர்கள் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதை எங்கோ தனியாகப் பலகை ஓட்டிய பையன் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். அடுத்தடுத்து மேலும் பல தொகுதிகள் வந்தன.

இதில் வியாபாரம் இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பையன்களின் குரலை அவர்கள் காலத்திலேயே பதிந்து வைத்ததும் அந்த வியாபாரம்தான். செப்பேடும் கல்வெட்டும் போல இந்த மலிவான நாடாவும் ஒரு சான்றுதான்.

உருப்படாதது என்று சொன்ன அதே விளையாட்டு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகிவிட்டது.

உங்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் தலைமையாசிரியர். ஒரு திடலைப் பூட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டினால் விளையாட்டு நிற்காது, நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். அங்கே விழுகிற பிள்ளையைத் தூக்கிவிட நாம் இருக்க மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்