நகராவும் நெங்காராவும்
கெடா மண்ணின் கூட்டிசையும் நம் முன்னோரும்

அலோர் ஸ்டார் நகரின் நடுவே, ஜாஹிர் பள்ளிவாசலுக்கும் பாலாய் பெசார் மண்டபத்துக்கும் அருகில், மஞ்சள் நிறத்தில் எண்கோண வடிவக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உச்சியில் குவிமாடம் இருப்பதால் அதையும் பள்ளிவாசலின் ஒரு பகுதி என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் பெயர் பாலாய் நோபாத். சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷா ஆட்சியில், 1906இல் இன்றைய வடிவில் எழுப்பப்பட்டது. கெடா அரசரின் மங்கல இசைக்குழுவான நோபாத்தின் கருவிகள் வைக்கப்படும் இடம் அதுவே.

நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்து பொன்விழா காணும் இந்நேரத்தில், மலரில் இசையைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோர் இம்மாநிலத்தில் கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், மதரஸா நடத்தினார்கள். இவை எல்லாவற்றையும் நாம் பலமுறை எழுதிவிட்டோம். அவர்கள் எதைக் கேட்டார்கள், யாருடன் சேர்ந்து பாடினார்கள், எந்த மேளத்தோடு மணமகனை அழைத்து வந்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. அது அறிந்த பெரியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

முதலில் நோபாத்தையே பார்ப்போம். கெடா நோபாத்தில் நெங்காரா என்ற அடிமுரசு, கெண்டாங் எனப்படும் இருமுக மேளங்கள், செருனாய் என்ற ஊதுகுழல், நாபிரி என்ற நீண்ட எக்காளம், கோங் என்ற தொங்கு மணித்தட்டு ஆகியவை உண்டு. இப்பெயர்களைச் சற்று மெதுவாக உச்சரித்துப் பாருங்கள். நெங்காரா என்பது அரபு மொழியின் நக்காரா. நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் தொழுகை நேரத்தையும் சஹர் நேரத்தையும் அறிவிக்க முழங்கிய நகராவும் அதுவே. தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களிலும் நகரா உண்டு. செருனாய் பாரசீகத்தின் சுர்னா. வட இந்தியாவின் ஷெனாய்க்கு அது உறவு. நம் நாகசுரத்துக்கும் தூரத்துப் பங்காளி. நாபிரியும் அரபு, பாரசீக அரசவைகளின் நபீர் எக்காளமே. கோங் மட்டும் இந்த மண்ணுக்கும் ஜாவாவுக்கும் உரியது. ஆங்கிலேயர் அப்பெயரையே மலாய் உலகிலிருந்துதான் கடன் வாங்கினார்கள்.

நோபாத் என்ற பெயரும் அப்படி வந்ததே. அரபு மொழியில் அதற்கு 'முறை', 'தவணை' என்பது பொருள். குறித்த நேரத்தில் முறை வைத்து முழக்கும் இசை என்பதால் அப்பெயர். டில்லி அரண்மனைகளிலும் அஜ்மீர் தர்கா வாசலிலும் நௌபத் முழங்குவதற்கென்றே தனி மாடங்கள் கட்டினார்கள். அந்த வழக்கம் கடல் கடந்து மலாய் அரசுகளை அடைந்தது. பேராக், சிலாங்கூர், திரெங்கானு அரசவைகளிலும் நோபாத் உண்டு. திரெங்கானுவில் ஜால்ராவைப் போன்ற கோப்பக்-கோப்பக் ஒலிக்கிறது. கெடாவில் கோங் ஒலிக்கிறது. மேற்கிலிருந்து வந்ததை அப்படியே நகல் எடுக்காமல், ஒவ்வோர் அரசவையும் தன் மண்ணின் ஒலியையும் அதோடு சேர்த்துக்கொண்டது.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். அரசர் முடிசூடுவதை மலாயில் 'தாபால்' என்பார்கள். மாமன்னர் பதவியேற்பின்போது 'பெர்தாபாலான்' என்ற சொல்லைச் செய்தித்தாள்களில் நாமெல்லாம் படிக்கிறோம். அதன் வேர் மேளத்தைக் குறிக்கும் 'தபல்' என்ற அரபுச் சொல். நாம் கச்சேரிகளில் பார்க்கும் தபேலாவும் அதே வேரில் பிறந்ததுதான். மேளம் முழங்கினால்தான் அரசர் அரசராகிறார் என்பது இதன் கருத்து. கெடாவின் சுல்தான் அப்துல் ஹலிம் 1970இலும் பிறகு 2011இலுமாக இருமுறை நாட்டின் மாமன்னரானார். இரண்டு முறையும் அவருடைய பதவியேற்பைக் குறித்த சொல்லில் ஒரு மேளத்தின் பெயர் ஒளிந்திருந்தது.

இந்த இசை எப்படி இயங்குகிறது என்பதிலும் நமக்குப் பாடம் உண்டு. இராகத்தைச் செருனாய் ஏந்திச் செல்கிறது. நாபிரி நீண்ட ஒலியாகக் குறுக்கே எழுகிறது. நெங்காராவும் கெண்டாங்கும் தாளத்தைப் பின்னுகின்றன. கோங் அதன் இடம் வரும்போது மட்டும் ஒலித்து ஒரு சுற்று முடிந்ததை அறிவிக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. செருனாய் மலாயாக மாறிவிட்டது என்பதற்காகத் தன் நாணல் குரலை விடவில்லை. கோங்கும் அரபு வாத்தியங்களோடு சேர்ந்ததால் வெட்கப்படவில்லை. எழுதிவைத்த சுரக்குறிப்பு இல்லாமல், காதால் கேட்டு, தந்தையிடமிருந்து மகன் கற்று வந்த கலை இது. கற்பவர் இல்லாமல் ஒரு தலைமுறை கடந்தால், கருவிகள் மட்டும் மிஞ்சும்.

நோபாத்தை நம் முன்னோர்தான் கொண்டுவந்தார்கள் என்று உரிமை கொண்டாட இதை எழுதவில்லை. அது வந்த கடல்வழி நம்முடையதும்தான் என்பதையே சொல்ல வருகிறோம். பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கெடாவே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1025 வாக்கில் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரமும் இதுவே. பூஜாங் பள்ளத்தாக்கின் செங்கல் அடித்தளங்கள் அந்த நெடிய உறவின் சாட்சி. பிற்காலத்தில் நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் துறைகளிலிருந்து சூலியா வணிகர்கள் துணி ஏற்றி வந்து, கெடாவின் ஈயத்தையும் யானைகளையும் கொண்டு சென்றார்கள். மரைக்காயர் என்ற குலப்பெயர் இங்கே 'மெரிக்கன்' ஆகி, இன்றும் கெடா, பினாங்குக் குடும்பங்களில் வழங்குகிறது.

பினாங்கும் 1786 வரை கெடா சுல்தானுக்கு உரிய தீவுதான். அவ்வாண்டு பிரான்சிஸ் லைட் அங்கே கொடி ஏற்றிய பிறகு, கெடாவில் இருந்த சூலியாக்கள் பலர் தீவுக்குப் போனார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சூலியா தெருவின் நாகூர் தர்காவும் அந்தத் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே கெடாவின் இசைக் கதையைச் சொல்லும்போது தீவைத் தள்ளிவைக்க முடியாது.

அந்தத் தீவில்தான் போரியா வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவுகளின் முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் நாட்களில் குழுவாகப் பாடிச் சென்ற வழக்கத்தை இதன் வேராகச் சொல்வார்கள். அதை ஜாவி பெரானாக்கான் மக்கள், அதாவது இந்திய முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர், மலாய் மொழிக்கு மாற்றினார்கள். 'துக்காங் காராங்' எனப்படும் பாடகர் எதுகை மோனையோடு அடியெடுத்துக் கொடுப்பார், குழு திருப்பிப் பாடும். ஐரோப்பியரின் வயலினும் அக்கார்டியனும், ஏமன் நாட்டிலிருந்து வந்த காம்புஸும் மர்வாஸும், நம் தபேலாவும் தாளமும் அதில் ஒன்றாக உட்கார்ந்தன. நாளடைவில் துக்கப் பாட்டு ஊர்ப் பேச்சாயிற்று. விலைவாசியும் அக்கம்பக்கத்துச் செய்தியும் கேலியும் பாட்டில் ஏறின.

இதில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் இருக்கிறது. முஹர்ரம் கொண்டாடிய குழுக்கள் செங்கொடி, வெள்ளைக்கொடி என இரு கட்சிகளாகப் பிரிந்தன. அவை சீனர்களின் இரகசியச் சங்கங்களோடு கைகோத்தன. 1867 ஆகஸ்டில் பினாங்குத் தெருக்களில் பத்து நாட்கள் கலவரம் மூண்டது. பல இனத்தார் சேர்ந்து பாடினாலே பகை ஒழிந்துவிடும் என்று நாம் மேடைகளில் எளிதாகப் பேசுகிறோம். ஒரு தரப்புக்குள் ஒற்றுமையை வளர்க்கும் மேளமே எதிர்த்தரப்பை அச்சுறுத்தவும் பயன்பட்டிருக்கிறது. சேர்ந்து இசைப்பது நல்லதுதான். ஆனால் யாரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

அதற்கு நல்ல விடை தந்தது பங்சாவான் நாடகம். 1870களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பினாங்கு மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். அதைக் கண்ட மாமாக் புஷி என்பவர் 1885இல் மலாய் மொழியில் புஷி இந்திரா பங்சாவான் குழுவைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் வயலினுமே துணை. பின்னர் பியானோவும் எக்காளமும் மேலைநாட்டு டிரம்ஸும் சேர்ந்தன. மேடைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தவர்களில் பிலிப்பினோக்களும் யுரேசியர்களும் இந்தியர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். ஒரே இரவில் அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் கதை எதுவானாலும் அதற்கேற்ற மெட்டை அந்த ஒரே குழு வாசிக்க வேண்டும். அடுத்தவருடைய இசையைக் கற்றுக்கொள்ளாதவருக்கு அங்கே சம்பளம் இல்லை! குழுக்கள் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டன.

பங்சாவான் நடிகர்களே பிறகு மலாய்த் திரைப்படத்துக்கும் போனார்கள். 1934இல் வெளியான 'லைலா மஜ்னுன்' படத்தை இயக்கியவர் இந்தியரான பி.எஸ்.ராஜ்ஹான்ஸ். பினாங்கில் 1929இல் பிறந்த பி.ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல்.கிருஷ்ணன் என்ற தமிழர். ரம்லியின் மெட்டுகளில் இந்திய வாசம் வீசுவதில் வியப்பில்லை.

நகரங்களில் இப்படி என்றால், தோட்டங்களில்? கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்த் தொழிலாளர்களோடு தவிலும் உறுமியும் பறையும் வந்தன. கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு மாரியம்மன் திருவிழா மேளம் அயல் ஒலி அல்ல. அது அவர்கள் ஊரில் கேட்ட ஒலி. ரமலானில் பக்கீர்கள் தாயிரா அடித்து சஹருக்கு எழுப்பிப் பாடியதும் அதே ஊர் நினைவு. பின்னாளில் நாகூர் இ.எம்.ஹனிபாவின் குரல் இசைத்தட்டிலும் வானொலியிலும் ஒலித்தபோது, சமயம் பாராமல் தோட்டத்து மக்களும் கேட்டார்கள். நம் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளை வரும்போது கொம்பாங் முழக்கும் வழக்கமும் வந்தது. கம்பத்து இளைஞர்கள் கையில் அடிக்கும் அந்த ஆட்டுத்தோல் கருவியும் தப்ஸும் தாயிராவும் ஒரே குடும்பம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். மார்க்கத்தில் இசை கூடுமா? கந்தூரி கூடுமா? நகரா வேண்டுமா? இவ்விவாதங்கள் நம் பள்ளிவாசல்களுக்குப் புதியவை அல்ல. தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு, நாம் அதில் புகவில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை விடுவது வேறு, அது நம்மிடம் இருந்ததையே மறப்பது வேறு. விட்டதை வரலாறாக எழுதி வைத்தால்தான் நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணோடு உள்ள உறவு புரியும். 'நீங்கள் தமிழரா, மலாயா?' என்று பள்ளிக்கூடத்தில் கேட்கப்படும் பிள்ளைக்கு, தன் வீட்டு மேளத்துக்கே அரபு, தமிழ், மலாய் என்று மூன்று பெயர் உண்டு என்று தெரிந்தால் பதில் சொல்லத் தடுமாற மாட்டான்.

ஆகவே பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில வேண்டுகோள்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பாலாய் நோபாத்தின் முன் நிறுத்தி, நகராவையும் நெங்காராவையும் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு நன்னிமார் பாடும் தாலாட்டையும் முனாஜாத்தையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய திருமணப் புகைப்படங்களில் கொம்பாங் அடித்தவர், ஆர்மோனியம் வாசித்தவர் யார், எந்த ஊர், எந்தச் சமூகம் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதுங்கள். எழுதியதன் ஒரு நகலைச் சங்கத்துக்குத் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மலரில் அப்பெயர்கள் அச்சேற வேண்டும்.