கிராங்க் செட்டின் கதையும் தூத்துக்குடி உப்புக் காற்றும்

ரோடு பைக் வாங்க ஆசைப்படும் நண்பர்கள் எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் கிராங்க் செட். 53/39 நல்லதா, 50/34 நல்லதா, ஷிமானோவா, ஸ்ராமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தச் சண்டை புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நம்ம ஊருக்கு எது சரிப்படும் என்பதும் புரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக: பெடலைத் தாங்கிச் சுற்றும் இரண்டு கைகள்தான் கிராங்க். வலது பக்கக் கிராங்கோடு சேர்ந்த பல்சக்கரம் செயின் வீல். 53/39 என்றால் 53 பல்லும் 39 பல்லும் உள்ள இரண்டு செயின் வீல்கள்.

1860களில் பிரான்சில் வந்த சைக்கிள்களில் செயினே கிடையாது. கிராங்க் நேராக முன்சக்கரத்து அச்சில் இருக்கும். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்கு! ஆளுயர முன்சக்கரம் அப்படித்தான் வந்தது. 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுற்றியது. அந்த மாதிரி பரவிய பிறகுதான் "எத்தனை பல்?" என்ற கேள்விக்கு மரியாதை வந்தது.

அடுத்த கேள்வி, கிராங்கை அச்சில் எப்படி இறுக்குவது? அதற்கு வந்த விடை நம்ம எல்லோருக்கும் தெரிந்த காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இரும்பு ஆப்பு, முனையில் ஒரு நட்டு. அது தேய்ந்தால் மிதிக்கு ஒரு "டக்" கேட்கும்.

அந்தக் காலத்தில் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. ராலே என்றால் செயின் வீலில் வெட்டிய நாரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அம்பத்தூர் சைக்கிள்கள் ஆயின.

இதற்குள் ஒரு மரைச் சண்டையும் உண்டு. அச்சைத் தாங்கும் கப்புகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை என்பது பொது வழக்கம். ராலே மட்டும் 26 மரை போட்டது. அதனால் ராலே கப் அடுத்த சைக்கிளில் ஏறாது. கடைசியில் ஜெயித்தது 24தான். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்குப் பெயர் பி.எஸ்.ஏ. மரை.

1933லேயே பிரான்சின் ஸ்ட்ராங்லைட் கம்பெனி காட்டர் பின் இல்லாத அலுமினியக் கிராங்கைக் கொண்டுவந்துவிட்டது. எடை குறைவு. ஆனாலும் நம்ம ஊர் சைக்கிள்கள் பல பத்தாண்டுகள் காட்டர் பின்னை விடவில்லை. விலை ஒரு காரணம். என் கணிப்பில் பெரிய காரணம் வேறு. அலுமினியக் கிராங்கைக் கழற்றத் தனி புல்லர் வேண்டும். காட்டர் பின்னுக்கு ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் போதும். எந்தத் தெருமுனைக் கடையிலும் ஓவராயில் செய்துவிடலாம்.

தூத்துக்குடியில் இது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கடற்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. 1974ல் பெரிய துறைமுகம் வந்தது. உப்பளம் மட்டும் அப்படியே தொடர்கிறது. உப்பளத்துக்கு இருட்டோடு சைக்கிளில் கிளம்பும் தொழிலாளிக்கு வழியில் கிராங்க் கழன்றால் அன்றைய கூலி போச்சு. அவருக்கு நூறு கிராம் எடையா முக்கியம்?

இப்போது ரோடு பைக்குக்கு வருவோம். 2003 வாக்கில் ஷிமானோவின் ஹாலோடெக் 2 வந்தது. அச்சு வலது கிராங்கோடு சேர்ந்தே வரும், பேரிங் பிரேமுக்கு வெளியே உட்காரும். பிறகு மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பேரிங்குகள் பரவின. "கிரீச் கிரீச்" புகார்களும் கூடவே பரவின. 2020ல் ஸ்பெஷலைஸ்ட் தன் டார்மாக் எஸ்.எல்.7ஐ மறுபடி பி.எஸ்.ஏ. மரையோடு கொண்டுவந்தது! 2023ல் ஷிமானோ, 2012 முதல் 2019 வரை செய்த அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகளைப் பரிசோதனைக்கு அழைத்தது. ஒட்டிச் செய்த கிராங்கில் ஒட்டு விட்டுப்போகும் ஆபத்து. விலை குறைந்த 105 அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, பல் கணக்கு. 28 அங்குலச் சக்கரமுள்ள பழைய சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர். ரோடு பைக்கில் 53க்கு 11 போட்டால் சுமார் 10 மீட்டர், 50க்கு 11 போட்டால் சுமார் 9.5 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் இந்த 9.5 மீட்டரே மணிக்கு 51 கி.மீ. வேகம். நம்மில் யார் அப்படிப் போகிறோம்? :-)

"திருச்செந்தூர் ரோட்டில் மேடே இல்லை, 53 போதும்" என்பார்கள். மேடு இல்லை, காற்று இருக்கிறது. ஆடி மாதம் மேற்கே திருநெல்வேலி பக்கம் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்குத் தெரியும். செங்கோட்டை மலை ஏறும் ஆசை வந்தால் 34 பல்லின் அருமை இன்னும் புரியும்.

மிச்சம் உப்பு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானாகவே நீராகிவிடும். கடற்கரையில் அது தினசரிக் கதை. அதனால் நல்ல தண்ணீரில் கழுவுவதும், போல்ட்டிலும் மரையிலும் கிரீஸ் தடவுவதும் கட்டாயம்.

என் தேர்வு: 50/34, பி.எஸ்.ஏ. மரை உள்ள பிரேம், ஒட்டு இல்லாத அலுமினியக் கிராங்க், இரும்பு அச்சு. வாங்கும் முன் உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இதக் கழத்தி மாட்ட உங்ககிட்ட டூல் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அந்த டூலின் விலையையும் கிராங்க் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.