பிணி தீர்க்கும் பாராயணம்

பிணி தீர்க்கும் பாராயணம்: நோய் தணியவும் உடல்நலம் காக்கவும் மந்திரம், பதிகம், கவசம் ஆகியவற்றை முறையாக ஓதும் வழக்கம். தமிழகத்தில் இதற்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, குருவிடம் காதோடு காதாகப் பெற்று, வெளியே சொன்னால் பலிக்காது என்று மறைத்துக் காக்கும் மந்திரம். ஊர்ப்புறத்தில் மந்திரிப்பது, பாடம் போடுவது என்பவை இதைச் சேர்ந்தவை. மற்றது, எவரும் வாய்விட்டுப் பாடக்கூடிய பதிகமும் கவசமும். தமிழில் ஆழமாக வேரூன்றியது இரண்டாவது கிளையே.

இதன் பழைய தடம் வேதங்களில் இருக்கிறது. அதர்வ வேதம் காய்ச்சலைத் ‘தக்மன்’ என்று பெயர் சொல்லி அழைத்து, இங்கே இராதே, காந்தாரருக்கும் மகதருக்கும் போ என்று விரட்டுகிறது. அயல்நாட்டார் மீது நோயை ஏவிவிடும் இந்தத் துணிச்சல் இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதே வேதம் ‘குஷ்டம்’ என்னும் மூலிகையையும் காய்ச்சலுக்கு மருந்தாகப் போற்றுகிறது. ஓதுதலும் மருந்தும் அங்கே கைகோத்தே நிற்கின்றன. இன்று நோயாளிக்காக மிகுதியாக ஜபிக்கப்படும் மிருத்யுஞ்ஜய மந்திரம் ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் வருவது. அதில் நோய் என்ற பேச்சே இல்லை. பழுத்த வெள்ளரி காம்பிலிருந்து கழல்வதுபோல மரணத்தின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதே வேண்டுதல்.

ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதை மருத்துவத்தை மூன்றாக வகுத்தது: தெய்வத்தைச் சார்ந்தது, உணவையும் மருந்தையும் ஆராய்ந்து அளிப்பது, மனத்தை அடக்குவது. மந்திரம் முதல் வகையில் அடங்கும். மூன்றையும் அருகருகே வைத்த சரகர், ஒன்று இருந்தால் மற்றவை வேண்டாம் என்று சொல்லவில்லை.

தமிழில் திருப்புமுனை 7-ஆம் நூற்றாண்டுத் தேவாரம். திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் திருநீறு பெற்று, திருவதிகையில் பாடியதே அவருடைய முதல் பதிகம். திருஞானசம்பந்தர் மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயைத் திருநீற்றுப் பதிகத்தால் தணித்ததாகவும், திருச்செங்கோட்டில் அடியார்களைப் பற்றிய குளிர்க்காய்ச்சலைத் திருநீலகண்டப் பதிகத்தால் நீக்கியதாகவும் பெரியபுராணம் கூறும். அந்நூல் சம்பந்தருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிற்பட்டது. மதுரை நிகழ்ச்சியில் மன்னன் உடலின் இடப்பக்கத்தைச் சமணரும் வலப்பக்கத்தைச் சம்பந்தரும் ஏற்றுக்கொள்கிறார்கள். மருத்துவத்தைவிடச் சமயப் போட்டியே அங்கே ஓங்கி நிற்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பாடலாக நோக்கினால், இவற்றுள் தனித்து நிற்பது திருச்சிக்கு அருகிலுள்ள திருவாசிப் பதிகம். மழநாட்டுத் தலைவன் கொல்லிமழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் நினைவிழந்து கோயிலில் கிடந்தாள். இந்நோயை வலிப்பு என்பர். சம்பந்தர் அவளைக் குணப்படுத்து என்று ஒரு வரியிலும் கேட்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு இறைவனின் அழகை வருணித்துவிட்டு, இப்பேர்ப்பட்டவர் ஒரு பெண்ணை இப்படி வாட்டலாமா, இது அவருக்குத் தகுமா என்று தட்டிக்கேட்கிறார். மந்திரத்தின் கட்டளைத் தொனி போய், உரிமையோடு வழக்காடும் தொனி வந்துவிட்டது. பொருள் விளங்கும் தாய்மொழியில், நோயையும் நோயாளியையும் சுட்டிப் பாடும் இந்த முறை பின்னர் வீடுகளில் பாராயணமாக நிலைத்தது.

அண்டையிலுள்ள கேரளத்தில் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி வாதநோயோடு குருவாயூரில் தங்கி, 100 தசகங்கள் கொண்ட நாராயணீயத்தை வடமொழியில் இயற்றினார். ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டும் அதன் முடிவு வாழ்த்தின் எழுத்துகளை எண்ணாக மாற்றினால், நூல் நிறைவுற்ற 1586-ஆம் ஆண்டின் நாள் கிடைக்கும்.

கவசம் என்பது வேறு வகை. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்க வேண்டுவது அது. பாகவதத்தின் நாராயண கவசம் வடமொழி முன்மாதிரிகளுள் ஒன்று. தமிழில் தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசம் உறுப்புகளோடு நிற்காமல் நோய்களையும் பட்டியலிடுகிறது. சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டு வந்தபின் அது விடியற்காலையில் தெருவெல்லாம் கேட்கும் பாட்டாயிற்று. பாம்பன் சுவாமிகள் 1891-இல் இயற்றிய சண்முக கவசம் உயிர் 12, மெய் 18 என்ற வரிசையில் 30 பாடல்களால் ஆனது. 1923 டிசம்பர் 27-இல் சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரைவண்டி மோதி, சுவாமிகளின் இடக்கால் எலும்பு முறிந்தது. அரசுப் பொது மருத்துவமனையில் அவர் படுத்திருக்க, அன்பர்கள் வெளியே சண்முக கவசத்தை ஓதிவந்தனர். முதுமையிலும் எலும்பு கூடியது. அடியார்கள் இதை முருகன் அருள் என்று ஆண்டுதோறும் மயூரவாகன சேவன விழா எடுக்கிறார்கள். மருத்துவமனைக் கட்டிலும் கவசப் பாராயணமும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

அம்மை கண்ட வீட்டில் மாரியம்மன் தாலாட்டுப் படிப்பது இன்னொரு பழக்கம். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, மாலையில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பர். 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகும், சின்னம்மைக்காக இது தொடர்கிறது.

அறிவியல் ஆய்வுகள் சிலவே. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இத்தாலிய ஆய்வில், 23 பேர் ஜெபமாலையும் பௌத்த மந்திரமும் ஓதியபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்கும் இயல்பான தாளம் வலுப்பட்டது. 2011-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், ஓம் ஓதும்போது மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு தணிவதைக் கண்டனர். இவை மன அமைதிக்குச் சான்று. நோய் தீர்வதற்கு அல்ல. ஓதுவதைக் காரணமாக்கி மருந்தை நிறுத்துவோருக்கு இவற்றில் ஆதரவு எதுவும் இல்லை.

வழிபாடாக ஓதுவதற்கு இந்தியாவில் தடையில்லை. ஆனால் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் சட்டம் தடுக்கிறது. மாய மருத்துவம் எது என்று வரையறுக்கும் பிரிவில் தாயத்து, மந்திரம், கவசம் ஆகிய மூன்றும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன.