ஜார்ஜ் முல்லரும் விசுவாச ஊழிய முறையும்

ஜார்ஜ் முல்லர் (27 செப்டம்பர் 1805 – 10 மார்ச் 1898) பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவப் போதகர். அநாதை இல்லங்களை நிறுவியவர். மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையை ஜெபத்தில் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்ற தீர்மானத்தோடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இல்லங்களை நடத்தினார். தன்னை நம்பாமல் கடவுளையே சார்ந்திருக்கும் தாழ்மைக்குக் கிறிஸ்தவ உலகம் அதிகமாக எடுத்துக்காட்டும் வாழ்க்கைகளில் இவருடையதும் ஒன்று.

இந்தத் தாழ்மைக்கு வேர் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்ததைப் பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. லூக்கா 18இல் தன் புண்ணியங்களை அடுக்கிய பரிசேயன் அல்ல, மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே நீதிமானாக்கப்பட்டவனாய் வீடு திரும்புகிறான். பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் எது உண்டு என்ற பொருளில் பவுல் கொரிந்தியரைக் கேட்கும் கேள்வியும் இதைச் சேர்ந்தது. திறமை, பதவி, பணம் எல்லாமே பெற்றுக்கொண்டவை என்று ஒத்துக்கொள்வதுதான் இங்கே தாழ்மை. முல்லர் அதைக் கணக்குப் புத்தகம் வரை கொண்டுபோனார்.

இளமையில் அவர் நம்பத்தக்கவராக இருக்கவில்லை. வரி வசூல் அதிகாரியான தந்தையின் பணத்தையே திருடியவர். விடுதிக் கட்டணத்தை ஏமாற்றி 16 வயதில் சிறைக்குப் போனவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 1825இல் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் முழங்காற்படியிட்டு ஜெபிப்பதைக் கண்டது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1829இல் இங்கிலாந்து வந்தார். அடுத்த ஆண்டு மேரி குரோவ்ஸை மணந்தார். அதே ஆண்டிலேயே, தாம் போதகராயிருந்த சபை தந்த நிலையான சம்பளத்தையும், இருக்கைகளுக்கு வாடகை வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டார். 1832இல் நண்பர் ஹென்றி கிரெய்க்கோடு பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார்.

1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் பெண் குழந்தைகளுக்கான முதல் இல்லம் திறக்கப்பட்டது. குழந்தைகளின் நலம் தமக்கு இரண்டாவது நோக்கமே என்று முல்லர் ஒளிக்காமல் எழுதினார். கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதை, கவலையில் உழலும் சாதாரண விசுவாசிகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். இதை வாசித்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்த நோக்கம்தான் அவரைக் கண்டிப்பானவராக்கியது. கடவுளின் பெயரால் நடக்கும் வேலையில் ஒரு பென்னி தவறினாலும் பழி யார்மேல் விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே வந்த காணிக்கை ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுத்தார். ஒரு தேவைக்கென்று வந்த பணத்தை வேறு தேவைக்குத் தொடவில்லை. ஆண்டறிக்கையில் கொடுத்தவர் பெயரைப் போடாமல் தொகையை மட்டும் வெளியிட்டார்.

1838 முதல் 1840களின் நடுப்பகுதி வரை சோதனைக் காலம். அன்றன்றைய அப்பத்துக்கான பணம் அன்றன்றுதான் வந்தது. சில நாட்களில் வேளை நெருங்கிய பிறகே வந்தது. பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படும் அற்புதக் கதைகளைவிட, அவருடைய நாட்குறிப்பில் வரிசையாக வரும் இந்தச் சிறு தொகைகளே அந்த ஆண்டுகளின் பாரத்தை உண்மையாகக் காட்டுகின்றன. ஆண்டறிக்கை வெளியிடுவதும் மறைமுகமாகப் பணம் கேட்பதுதானே என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான கேள்வி. அதற்கு இடங்கொடாதபடி, 1841 டிசம்பரில் கையில் காசில்லாத நேரத்தில், வெளிவர வேண்டிய அறிக்கையை அவர் சில மாதங்கள் தள்ளிப்போட்டார்.

சும்மா உட்கார்ந்து எதிர்பார்ப்பதை அவர் விசுவாசம் என்று சொல்லவில்லை. 1857 நவம்பர் இறுதியில், பிரிஸ்டலின் ஆஷ்லி டவுனில் அவர் பின்னர் கட்டிய இல்லத்தை வெப்பமூட்டும் கொதிகலன் கசிந்தது. பழுதுபார்க்க நெருப்பை அணைக்க வேண்டும். வெளியே கடுங்குளிர், உள்ளே முந்நூறு குழந்தைகள். முல்லர் முதலில் வேலையாட்களை வரவழைத்து நாள் குறித்தார். பிறகு இரண்டு காரியங்களுக்காக ஜெபித்தார்: வடகாற்று தென்றலாக மாற வேண்டும்; நெகேமியாவின் காலத்து ஜனங்களைப்போல் வேலையாட்களுக்கு வேலைசெய்ய மனம் வர வேண்டும். குறித்த நாளில் காற்று திசைமாறியது. வேலையாட்கள் தாங்களாகவே இரவு முழுவதும் இருந்து முடிப்பதாகச் சொன்னார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

வில்சன் தெருவில் குழந்தைகளின் சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் முறையிட்டதால் ஆஷ்லி டவுனில் கட்டடங்கள் எழுந்தன. 1849க்கும் 1870க்கும் இடையில் ஐந்து பெரிய இல்லங்கள் திறக்கப்பட்டு, 2,050 பிள்ளைகளுக்கு இடம் உண்டாயிற்று. அவர் காலத்தில் சுமார் 10,000 பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். தாய் தந்தை இருவரையும் இழந்த, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைகளையே சேர்த்தார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை வாசலிலேயே நின்றது. இந்த விதியை அக்கால வழக்கம் என்று சொல்லி விட்டுவிட முடியாது, அது குறைதான்.

தமக்கு அசாதாரணமான விசுவாச வரம் உண்டு என்று பிறர் புகழ்ந்தபோது முல்லர் உறுதியாக மறுத்தார். எல்லா விசுவாசிக்கும் கிடைக்கிற கிருபையே தம்மிடம் இருப்பது, பயன்படுத்தப் பயன்படுத்த அது வளரும் என்றார். ஏறத்தாழ 15 லட்சம் பவுன் அவர் கைவழியே போயிற்று. இறக்கும்போது அவருக்கென்று இருந்த சொத்து சுமார் 160 பவுன்.

தமிழகத்தோடு இந்த மரபுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. முல்லருக்கு முன்மாதிரியாக இருந்தது ஹாலேயில் பிராங்கே நிறுவிய அநாதை இல்லம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் மிஷனைத் தாங்கியதும் அதே ஹாலேதான். முல்லரின் மைத்துனர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலி அருளப்பன், மிஷன் சம்பளம் இல்லாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. 1901இல் டோனாவூருக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலும் பணம் கேட்பதில்லை என்ற முறையையே பின்பற்றினார்.

விசுவாச ஊழியம் என்ற பெயர் இன்றும் தமிழ்ச் சபைகளில் பெருவழக்காக இருக்கிறது. அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளும் ஊழியங்கள் முல்லரின் ஜெபத்தை மட்டும் எடுத்துச் சொன்னால் போதாது; அவரைப்போல் ரசீதையும் வரவுசெலவுக் கணக்கையும் சபையின் முன் வைக்க வேண்டும்.