லயத்துக்குள் பத்திரிகை வந்த கதை



எமது எழுத்தாளர் வட்டம் அடுத்த போயா தினக் கூட்டத்துக்கு, பத்திரிகையில் நூல்களைப் பற்றிப் பத்தி எழுதும் ஒருவரைப் பேச அழைத்திருக்கிறது. "ஒரு கவிஞரையோ பேராசிரியரையோ கூப்பிடாமல் இவரை ஏன்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருடங்களுக்கு முன் எமது தோட்டங்களுக்குள் வெளியாள் லேசில் கால்வைக்க முடியாது. துரையின் அனுமதி வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் போட்டுத்தான் லயங்களுக்குள் போய் மக்களின் நிலையைப் பார்த்தார். (புடவை மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்குவது எமது சமூகத்து வியாபாரிகளுக்கும் பழகிய தொழில். அந்த வேடம் ஏன் பலித்தது என்று எமக்கு நன்றாகவே விளங்கும்.) கண்டதை எழுதினார். 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். பிறகு ஹட்டனைத் தளமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டினார். மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுக் கட்டித் தொழிலாளர் முன்னால் பாடினார். எமது மலையில் சங்கமும் எழுத்தும் பத்திரிகையும் ஒரே வீட்டில் பிறந்தவை.

அடுத்து சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பற்றிய அவரது நெடுங்கவிதை 1952இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. சக்தீ பாலையாவின் தமிழாக்கம் 'தேயிலைத் தோட்டத்திலே' வெளிவந்தது 1969இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 17 வருடங்கள்! யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் கைக்கு அவர்களுடைய மொழியில் வர அவ்வளவு காலம் எடுத்தது. நல்ல புத்தகம் எழுதப்பட்டால் மட்டும் போதாது, அதை இன்னொருவர் எடுத்துச் சொல்லவும் வேண்டும் என்று நாம் நினைப்பது இதனால்தான்.

1960களில் அந்த வேலையைச் செய்தவர் எஸ்.எம். கார்மேகம். வீரகேசரியில் 'தோட்ட மஞ்சரி' பக்கத்தைக் கவனித்தவர். அந்தப் பக்கத்தில்தான் தோட்டத்து இளைஞர்கள் பலர் தம் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தார்கள். மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாகின. தெளிவத்தை ஜோசப் எழுந்து வந்த காலமும் அதுதான். தோட்டப் பாடசாலையில் படிப்பித்த வாத்தியார் அவர். தாம் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். பின்னாளில் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது, 2013இல், அவரைத் தேடி வந்தது. எங்களைப் போன்ற வாத்திமாருக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்!

நூல்பத்தி என்று சொன்னால் மட்டக்களப்பில் பிறந்த கே.எஸ். சிவகுமாரனை விட்டுவிட முடியாது. தமிழ் நூல்களைப் பற்றித் தமிழிலும், ஆங்கிலப் பத்திரிகைகளில் ஆங்கிலத்திலும் பல பத்தாண்டுகள் எழுதினார். தம் எழுத்தைப் 'பத்தி எழுத்து' என்றே அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். சிலர் அதை ஆழமில்லை என்றார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. சிங்கள, ஆங்கில வாசகர்களுக்கு எமது புத்தகம் ஒன்று வெளிவந்திருப்பதே அப்படிப்பட்ட பத்திகளால்தான் தெரியவந்தது. அவரும் ஜோசப்பும் 2022இல், ஒரு மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

இப்போது எமது நிலையைப் பாருங்கள். சீட்டுக் காசில், நகை அடகு வைத்த காசில் புத்தகம் அடிக்கிறோம். வெளியீட்டு விழா, பொன்னாடை, போட்டோ. அதன் பிறகு மிச்சப் பிரதிகள் கட்டு அவிழாமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. நண்பர்கள் முகநூலில் 'வாழ்த்துகள்' போடுகிறார்கள். வாசித்துவிட்டு "இந்த இடம் சரியில்லை" என்று சொல்ல ஆள் இல்லை. வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான். புகழுரை வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். 1964 ஒப்பந்தத்தோடு இந்தியா போனவர்களின் பெட்டிகளில் எத்தனையோ பத்திரிகைத் துண்டுகள் போய்விட்டன. 1983க்குப் பிறகு கார்மேகமே தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். யாருடைய வீட்டிலாவது பழைய 'தோட்ட மஞ்சரி' பக்கம் ஒன்று இருந்தால் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம்.