தேர்தல் இல்லாத வளாகங்கள்: தமிழக வலதுசாரி மாணவர் அரசியலும் புதுக்கோட்டைப் பின்புலமும்

மரபு, மதம், தேசிய ஒருமை ஆகியவற்றை முன்னிறுத்தும் வலதுசாரி அரசியல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்விக்குத் திராவிட இயக்கத்தின் செல்வாக்கே விடை என்று கூறி முடித்துவிடுவது வழக்கமாக உள்ளது. அவ்விடை தவறன்று, ஆயினும் அது பாதி விடையே. கொள்கை எதிர்ப்புக்கு இணையாக, மாணவர் அமைப்புகள் ஏறிவரக்கூடிய படிக்கட்டு, அதாவது தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் பேரவை, இங்கு இல்லாமற்போனதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

கல்லூரி வளாகத்தில் மரபுவாதம் தலைகாட்டிய நிகழ்வுகளில் பழமையானதொன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நிகழ்ந்தது. 1904ஆம் ஆண்டையொட்டி, மன்னர் கல்லூரியில் சேர முத்துலட்சுமி (பின்னாளில் முத்துலட்சுமி ரெட்டி) விண்ணப்பித்தபோது, ஆண்கள் பயிலும் வகுப்பில் ஒரு பெண் அமரலாகாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவருடைய தாயார் தேவதாசி மரபினர் என்பதும் எதிர்ப்புக்குக் காரணமாக்கப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கிய பின்னரும், முத்துலட்சுமி மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, வகுப்பில் திரைக்கு அப்பால் அமர்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. இந்த எதிர்ப்பை எழுப்பியவர்கள் மாணவர்கள் அல்லர், வளாகத்திற்கு வெளியே இருந்த சமூகத்தினர் என்பது பின்வரும் வரலாற்றுக்குத் தேவைப்படும் குறிப்பாகும்.

திருமயத்தில் 1887இல் பிறந்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இதே கல்லூரியில் பயின்றவர். 1920களின் இறுதியில் சென்னை சட்ட மேலவையில் தேவதாசி முறை ஒழிப்புக்காக முத்துலட்சுமி ரெட்டி வாதாடியபோது, கோயில் மரபைக் காக்க வேண்டும் என்று அதனை எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தி முன்னணியில் நின்றார். விடுதலைப் போரில் தீவிரமும் சமூகச் சீர்திருத்தத்தில் தயக்கமும் ஒருவரிடமே கூடியிருந்தன. மரபுவாதத்திற்குக் காங்கிரசுக்குள்ளேயே இடம் கிடைத்ததனால், அதற்கெனத் தனிக் கட்சியோ தனி மாணவர் அணியோ தேவைப்படாத நிலை நெடுங்காலம் நீடித்தது எனலாம்.

அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் (ஏபிவிபி), ராஷ்ட்ரிய ஸ்வயம்சேவக் சங்கத்தைச் சார்ந்தோரால் 1948இல் தொடங்கப்பட்டு 1949 ஜூலை 9 அன்று பதிவு செய்யப்பட்டது. தன்னை எந்தக் கட்சியின் கிளையாகவும் அது அறிவித்துக்கொள்வதில்லை; மாணவர், ஆசிரியர் இரு தரப்பினரையும் உறுப்பினராகக் கொண்ட அமைப்பு என்றே கூறிக்கொள்கிறது. வட இந்தியாவில் அதனை வளர்த்தவை மாணவர் சங்கத் தேர்தல்கள்: 1973இல் பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கப் பொதுச் செயலாளராக சுசில் குமார் மோடியும், 1974இல் டெல்லி பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக அருண் ஜேட்லியும் வென்றனர். ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கமும் அவசரநிலைச் சிறைவாசமும் அத்தலைமுறையை நேரே தேசிய அரசியலுக்குக் கொண்டுசென்றன.

பிரிட்டனின் அனுபவம் இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தைத் தருகிறது. அங்கு மாணவர் சங்க அரசியலில் இடதுசாரிகளோடு மோதி வளர்ந்த கன்சர்வேட்டிவ் மாணவர் கூட்டமைப்பு, 1980களில் தாய்க் கட்சியையும் கடந்த தீவிரத்திற்குச் சென்றது. முன்னாள் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் மீதே போர்க்குற்றம் சாட்டும் கட்டுரையை அதன் ஏடு வெளியிட்ட பின்னர், அன்றைய பிரதமர் தாட்சருக்கு நெருக்கமான, கட்சி அமைப்பின் தலைவராக இருந்த நார்மன் டெபிட் 1986இல் அதனைக் கலைக்க நேர்ந்தது. கட்சிக்குக் கட்டுப்பட்ட அணியாக இருந்ததனால் அதனைக் கலைக்க முடிந்தது. ஏபிவிபியைக் கலைக்கும் முறையான அதிகாரம் பாரதிய ஜனதா கட்சிக்கு இல்லை.

தமிழ்நாட்டில் மாணவர் எழுச்சி உச்சத்தைத் தொட்ட 1965இல் களம் வேறாக இருந்தது. இந்தியே ஒரே ஆட்சிமொழியாகும் நாளாகக் குறிக்கப்பட்ட சனவரி 26ஐ ஒட்டி மாணவர்கள் வீதிக்கு வந்தனர்; மறுநாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அன்று திருச்சி மாவட்டத்திற்கு உட்பட்டிருந்து, 1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்திற்குள் வந்த பகுதிகளில், கீரனூர் முத்து, விராலிமலை சண்முகம் ஆகிய இளைஞர்கள் நஞ்சருந்தி உயிர்நீத்தனர். இவ்விரு பெயர்களும் மொழிப்போர் ஈகியர் வரிசையில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் மண்ணில், இந்தியை முன்னிறுத்திய ஜனசங்கத்தோடு ராஷ்ட்ரிய ஸ்வயம்சேவக் சங்கப் பின்புலத்தைப் பகிர்ந்த ஒரு மாணவர் அமைப்பு காலூன்றுவது எளிதாக இருந்திருக்க முடியாது.

இங்கு வலதுசாரி என்று சொல்லத்தக்க வேறொரு கட்சியும் இருந்தது. இராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்துத் தனியார் தொழிலை ஆதரித்த வகையில் பிரிட்டன் கன்சர்வேட்டிவ் மரபுக்கு நெருக்கமானது. 1937இல் பதவிக்கு வந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே இராஜாஜி 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பது தமிழக அரசியலின் சுவையான திருப்பங்களில் ஒன்று. எனினும் மாணவர் எழுச்சியின் பலன் அவருடைய கட்சியைச் சேரவில்லை. 1967இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தி.மு.க. வேட்பாளரே.

அதன்பின் ஏற்பட்ட மாற்றம் போதிய அளவு ஆராயப்படவில்லை. மாணவர் எழுச்சியால் ஆட்சி மாறிய மாநிலத்திலேயே, பெரும்பாலான கல்லூரிகளில் பேரவைத் தேர்தல்கள் படிப்படியாக மறைந்து, நிர்வாகம் நியமிக்கும் பேரவைகள் வந்தன. மாணவர் சங்கத் தேர்தல்கள் குறித்து லிங்டோ குழு 2006இல் அளித்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தப் பணித்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வேட்பாளருக்கு 5,000 ரூபாய்ச் செலவு வரம்பும் 75 விழுக்காடு வருகையும் விதித்த அந்தப் பரிந்துரைகள், தேர்தலே இல்லாத வளாகத்தில் யாரையும் தொடவில்லை. இடதுசாரி அமைப்புகளுக்கும் இதனால் இழப்பு நேர்ந்தது. ஆனால் அவற்றுக்கு ஏற்கெனவே தொழிற்சங்கமும் விவசாயச் சங்கமும் துணையிருந்தன. புதிதாக நுழைய முயன்ற வலதுசாரி அமைப்புக்கு வாசலே அடைபட்டது.

ஆகவே வலதுசாரி இளைஞர் திரட்டல் வளாகத்திற்கு வெளியே நடந்தது. 1980இல் இராம. கோபாலன் தொடங்கிய இந்து முன்னணி, 1981 மீனாட்சிபுர மதமாற்றத்தையும் 1982 மண்டைக்காடு கலவரத்தையும் அடுத்து விரிந்து, விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்களின் வழியே தெருக்களில் இளைஞர்களைச் சேர்த்தது. 2018 செப்டம்பரில் திருமயத்தை அடுத்த மெய்யபுரத்தில், சதுர்த்தி விழாவில் பாஜக தலைவர் எச். ராஜா காவல்துறையினரோடு வாதிட்டு உயர் நீதிமன்றத்தைப் பற்றிச் சொன்ன சொற்களும், பின்னர் நீதிமன்றத்தில் அவர் மன்னிப்புக் கோரியதும் இந்தத் தெரு அரசியலின் தொடர்ச்சியே. புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்களின் உணர்வோ வேறு திசையில் ஓடியது: 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்களில் பலர், பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த உழவர்களோடு போய் அமர்ந்தனர்.

வளாகத்திற்குள் வலதுசாரி அரசியல் வந்தபோது வாக்குப்பெட்டியின் வழியே வரவில்லை, புகார் மனுவின் வழியே வந்தது. 2015 மே மாதத்தில், மத்திய அமைச்சகத்திற்குச் சென்ற பெயரில்லாக் கடிதம் ஒன்றையடுத்து, சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டு, நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் ஜூன் 7 அன்று திருப்பி அளிக்கப்பட்டது. 2020 நவம்பரில் ஏபிவிபி அளித்த புகாரை ஏற்று, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சென்னை அரசு மருத்துவப் பேராசிரியர் சுப்பையா சண்முகம் ஏபிவிபியின் தேசியத் தலைவரானதும் இக்காலத்தில்தான். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பொறுப்புக்குச் சென்றவர் ஆசிரியராக இருந்தார், மாணவர் தேர்தலில் வென்று வந்தவராக அல்ல. 2022 பிப்ரவரியில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளி மாணவி ஒருவரின் மரணத்திற்கு மதமாற்ற நெருக்குதலே காரணம் என்று கூறி முதலமைச்சர் இல்லத்தின் முன் போராடிக் கைதானோருள், ஏபிவிபியின் அன்றைய தேசியப் பொதுச் செயலாளர் நிதி திரிபாதியும் இருந்தார்.

புதுக்கோட்டைக் கல்லூரிகள் இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் குறித்த மசோதாக்களுக்கு ஒப்புதல் அளிப்பது பற்றிய வழக்கு, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரலில், அவ்வழக்கின் தீர்ப்பு வந்த சில நாட்களில், மதுரைப் பொறியியல் கல்லூரி ஒன்றின் விழா மேடையில் அன்றைய ஆளுநர் ஆர். என். ரவி மாணவர்களை ‘ஜெய் ஸ்ரீராம்’ முழங்கச் செய்ததைக் கல்வியாளர்கள் பலர் கண்டித்தனர். அந்த அழைப்பை விடுத்தவர் மாணவர் தலைவரல்லர், பல்கலைக்கழகங்களின் வேந்தர்.