உழைப்பவர் பேச்சைப் பாட்டாக்கியவர்



இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர் நகரை ஒட்டி, சால்ஃபர்டு என்ற ஊர் உண்டு. ஆலைகளும் புகைபோக்கிகளும் நிறைந்திருந்த அவ்வூரில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் மில்லர். பின்னாளில் யூவன் மெக்கால் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பாடகராகவும் பாடலாசிரியராகவும் புகழ் பெற்றவர் இவரே.

இவருடைய தந்தை இரும்பு வார்ப்படத் தொழிலாளி. தொழிற்சங்கத்தில் முன்னின்றதால் ஸ்காட்லாந்தில் வேலை கிடைக்காமல் சால்ஃபர்டுக்குக் குடிபெயர்ந்தவர். தாய், பிறர் இடங்களைக் கூட்டித் துடைத்துக் குடும்பத்தைக் காத்தார். பெற்றோர் பாடிய பழைய ஸ்காட்லாந்துப் பாடல்களே பிள்ளைக்குச் செல்வமாயின. 14 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. எங்கும் தொழில் முடங்கிக் கிடந்த காலம் அது. வேலையற்ற நாள்களில் பொது நூலகத்தில் அமர்ந்து தாமே கற்றார்.

1949இல் தம் ஊரைப் பற்றி ‘டர்ட்டி ஓல்டு டவுன்’ என்ற பாடலை எழுதினார். 1957இல் பெக்கி சீகர் என்ற அமெரிக்கப் பாடகிக்காக ஒரு காதல் பாடல் எழுதினார். ரொபர்ட்டா பிளாக் பாடிய அப்பாடல் 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு கிராமி பரிசும் கிடைத்தது.

ஆயினும், மெக்கால் செய்த அரும்பணி வானொலியில்தான். 1957 பிப்ரவரியில், டார்பிஷயர் மலைப்பாதையில் ஒரு சரக்கு ரயிலின் நீராவிக் குழாய் வெடித்தது. பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர் ஜான் ஆக்ஸன் துணையாளைக் குதிக்கச் சொல்லிவிட்டு, கொதிக்கும் நீராவிக்கிடையே கடைசிவரை இஞ்சினிலேயே நின்று உயிர் துறந்தார். அவரைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்க பி.பி.சி.யின் சார்லஸ் பார்க்கர் மெக்காலை அழைத்தார். இருவரும் ஆக்ஸனின் மனைவியையும் உடன் வேலை செய்தவர்களையும் பேச வைத்து ஒலிப்பதிவு செய்தனர்.

அக்காலத்தில் தொழிலாளர் பேச்சை எழுதி வைத்துக்கொண்டு நடிகர்களே பேசுவது வழக்கம். மெக்கால் அதை ஏற்கவில்லை. அந்தக் குரல்களுக்கு எந்த நடிகரும் ஈடாக மாட்டார் என்று கருதினார். ரயில் தொழிலாளரின் சொந்தக் குரலும் பாட்டும் இணைந்து 1958இல் ஒலிபரப்பாயின. 1964க்குள் சாலை அமைப்போர், மீனவர், சுரங்கத் தொழிலாளர் முதலியோரைப் பற்றி இத்தகைய எட்டு நிகழ்ச்சிகள் வந்தன. மீனவர் நிகழ்ச்சி 1960இல் இத்தாலியப் பரிசு பெற்றது.

அந்நிகழ்ச்சிக்காக, சாம் லார்னர் என்ற முதிய மீனவரின் பேச்சிலிருந்து ஒரு பாடல் புனைந்தார் மெக்கால். இன்று பலரும் அதைப் பழைய நாட்டுப்பாடல் என்றே எண்ணிப் பாடுகிறார்கள். பாட்டுக்காரனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது?

மெக்கால் 1989இல் காலமானார். உழைப்பவரின் பேச்சில் கவிதை உண்டு என்பதே அவர் காட்டிய உண்மை. நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாங்கள் செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது, சற்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.